எபிடியூரலும் சிசேரியனும்: எதோடு ஒப்பிட்டார்கள்?

"எபிடியூரல் போட்டா கடைசியில சிசேரியன்தான்" என்று பயமுறுத்துபவர்களுக்குப் பதிலாக எல்லோரும் நீட்டுவது 2018-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வை. 40 ஆய்வுகள், 11,000-க்கும் மேற்பட்ட பெண்கள். சிசேரியனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சரிதான். ஆனால் இது எந்தக் கேள்விக்கான பதில்?

அவற்றில் 34 ஆய்வுகள் எபிடியூரலை ஒப்பிட்டது பெத்திடின் மாதிரியான ஓபியாய்டு மருந்துகளோடு. வலிநிவாரணமே கொடுக்காத குழுவோடு ஒப்பிட்டவை வெறும் 7. (சில ஆய்வுகளில் இரண்டுக்கு மேல் குழுக்கள் உண்டு, கூட்டிப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) "எந்த ஊசியும் வேண்டாம், தாங்கிக்கிறேன்" என்று யோசிக்கிற பெண்ணுக்கு இதில் கிடைப்பது பாதி பதில்தான்.

அடுத்தது, குழு மாறுவது. டல்லாஸ் பார்க்லேண்ட் மருத்துவமனையின் 1995 ஆய்வை எடுத்துக்குவோம். 1,330 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மூன்றில் ஒருவருக்கு ஒதுக்கிய சிகிச்சை நடக்கவே இல்லை. ஒதுக்கியபடி பெற்றவர்களை மட்டும் எண்ணியபோது சிசேரியன் ஓபியாய்டில் 4%, எபிடியூரலில் 9%. பின்னாளில் எல்லோரையும் ஒதுக்கிய குழுவிலேயே வைத்து எண்ணியபோது வித்தியாசம் காணாமல் போனது. இரண்டாவது கணக்குதான் முறையானது. கஷ்டமான பிரசவம் அதிகம் வலிக்கும். அந்தப் பெண்தான் ஊசி கேட்பார். சிசேரியன் வாய்ப்பும் அவருக்கே கூடுதல். இருந்தாலும் மூன்றில் ஒருவர் நழுவிய ஆய்வை வைத்து "வேறுபாடே இல்லை" என்று அடித்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

யாரும் பேசாத பகுதி ஒன்று உண்டு. ஆயுதப் பிரசவம் எபிடியூரலில் அதிகம். ஆனால் 2005-க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் பார்த்தால் அந்த வித்தியாசம் மறைகிறது. மருந்தின் அளவு குறைந்தது முக்கியக் காரணமாக இருக்கலாம். 2001-இல் வெளியான பிரிட்டனின் காமெட் ஆய்வில் (1,054 பெண்கள்) 0.25% பியூபிவகெயின் கொடுத்த பழைய முறையில் இயல்பான பிரசவம் 35%, குறைந்த அளவு முறைகளில் 43%. கால் மரத்துக் கிடந்தால் எப்படி முக்குவது? ஆக, ஊசியா வேண்டாமா என்று மட்டும் கேட்காமல், மருந்து எத்தனை சதவீதம் என்றும் மருத்துவரிடம் கேட்கணும்.

காய்ச்சல், ரத்த அழுத்தம் குறைவது, சிறுநீர் பிரியாமல் போவது கூடுவதைத் தொகுப்பாய்வு மறைக்கவில்லை. நீண்டகால முதுகுவலியில் வேறுபாடு இல்லை என்கிறது. நம்ம ஊரில் "முதுகுல ஊசி போட்டதுலேர்ந்து..." என்று தொடங்கும் பேச்சுக்கு இதைக் காட்டலாமா? அங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் சிசேரியனுக்குப் போடும் ஸ்பைனல் ஊசி. அது வேறு கேள்வி.