கீழக்கரைக் கல் பள்ளியும் நம் கட்டடக்கலை உணர்வும்

கீழக்கரையின் பள்ளிவாசல்களைக் குறித்துப் பேச்செழும்போது முதலில் முன்வைக்கப்படுவது ஓர் ஆண்டுக் கணக்கு. அவ்வூரின் பழைய குத்பா பள்ளி கி.பி. 628-630 காலத்தில், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்நாளிலேயே, யமன் நாட்டு ஆளுநர் பாதானின் ஏவலால் எழுப்பப்பட்டது என்னும் செய்தி இன்று பரவலாக எடுத்துரைக்கப்படுகிறது. அதே ஊரில், வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஜும்ஆ பள்ளிவாசலின் கல் தூண்களோ அந்த அளவுக்கு நம் கவனத்தைப் பெறவில்லை. ஆண்டின் மீது நாம் கொண்டுள்ள பற்றுக்கும் கற்களின் மீது காட்டும் பாராமுகத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இஸ்லாத்துக்கு முன்னரே அரபு வணிகர் தமிழகக் கரையோரங்களுக்கு வந்து சென்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வணிகத் தொடர்பு இருந்தது என்பது வேறு. குறிப்பிட்டதொரு கட்டடம் குறிப்பிட்டதோர் ஆண்டில் எழுந்தது என்பது வேறு. பாதான் இஸ்லாத்தைத் தழுவியதே ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். கடல் கடந்த ஊரொன்றில் அவர் உடனே பள்ளி எழுப்பினார் என்பதற்கு அக்காலத்துக் கல்வெட்டோ சாசனமோ எடுத்துக்காட்டப்படவில்லை. வழிவழி வரும் நம்பிக்கையை மதிப்பது நம் கடமை. அதனை வரலாற்றுச் சான்றாக நிறுத்துவதற்கு வேறு தகுதிகள் வேண்டும்.

சான்றுகள் இல்லாத சமுதாயமா நம்முடையது? திருச்சிராப்பள்ளிக் கோட்டை ரயில் நிலையத்தை அடுத்துள்ள சிறிய கல் பள்ளியில் ஹிஜ்ரி 116 (கி.பி. 734) எனப் படிக்கப்பட்டுள்ள அரபுக் கல்வெட்டொன்று ஆய்வாளர்களால் பேசப்படுகிறது. கீழக்கரைக்கு அருகிலுள்ள திருப்புல்லாணித் திருமால் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகரின் ‘பிழார் பள்ளி’க்கு நிலம் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. அப்பட்டினம் இன்றைய பெரியபட்டினமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஒரு பள்ளிவாசலுக்கான அரச கொடையை ஒரு கோயிற் சுவர் காத்துவைத்திருக்கிறது. சான்றற்ற 7ஆம் நூற்றாண்டை விடச் சான்றுள்ள இந்த 13ஆம் நூற்றாண்டு நமக்கு மேலான செல்வம் என்பதே நம் கருத்து.

அண்ணலாரின் காலத்துப் பள்ளி எத்தகையது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். மதீனாவின் மஸ்ஜிதுந் நபவி, பச்சைச் செங்கற்சுவரும் பேரீச்ச மரத் தூண்களும் ஓலைக் கூரையும் கொண்டு எழுந்தது. அதற்குக் குவிமாடம் இல்லை; மினாரா இல்லை. பிலால் (ரலி) அவர்கள் அருகிலிருந்த உயரமான வீட்டின் மேலேறிப் பாங்கொலித்தார்கள். குழிந்த வடிவிலான மிஹ்ராப், கலீபா வலீதின் ஆட்சியில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் மதீனாவின் ஆளுநராக இருந்து அப்பள்ளியைப் புதுப்பித்தபோது அமைக்கப்பட்டது. அண்ணலாரின் அடக்கத்தலத்தின் மேல் குவிமாடம் எழுந்தது கி.பி. 1279இல், அது பச்சை வண்ணம் பெற்றது 1837இல். ஆக, தூய்மையான இடமும் கிப்லாவை நோக்கிய வரிசைகளுமே பள்ளியின் அடிப்படை. மற்றவை அந்தந்த நாட்டின் மண்ணும் மரமும் கல்லும் வழங்கியவை.

இந்நோக்கில் கீழக்கரை ஜும்ஆ பள்ளிவாசலை அணுகினால் அதன் சிறப்பு விளங்கும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீதக்காதி என்னும் ஷைகு அப்துல் காதிர் எழுப்பியதாகக் கூறப்படும் இப்பள்ளி, அடிப்படையில் ஒரு தமிழ்க் கல் மண்டபம். நிரை நிரையாகத் தூண்கள். தூண்களின் தலையில் போதிகைகள். போதிகைகளின் மேல் உத்திரங்கள். உத்திரங்களின் மேல் பாவிய கற்பலகைகள். வளைவும் மாடமும் கொண்டு பாரத்தைத் தாங்கும் பாரசீக முறை இதில் இல்லை. ஒரு கற்பலகை எவ்வளவு தொலைவு வளையாமல் நிற்குமோ அதுவே தூண்களின் இடைவெளியை முடிவு செய்கிறது. கோயில் மண்டபங்களைக் கட்டிய கைகளுக்குப் பழகிய கணக்கே இங்கும் செயற்பட்டுள்ளது.

ஆனால் இது வெறும் நகல் அன்று. கோயில் மண்டபம் தன்னுள் நுழைபவரை நேர்கோட்டில் கருவறையை நோக்கி அழைத்துச் செல்வது; உள்ளே செல்லச் செல்ல இடம் குறுகும், ஒளி மங்கும். பள்ளியின் தேவை வேறு. மேற்கு நோக்கி நிற்போர் வடக்குத் தெற்காக நீண்ட வரிசைகளில் தோளோடு தோள் சேர வேண்டும். எனவே அதே தூண்களைக் கொண்டு சிற்பிகள் அகன்ற, சமமான கூடத்தை உருவாக்கினர். எவரும் எவருக்கும் முன்னுரிமை கொள்ளாத இடம் அது. தூண்களின் சதுர முகங்களில் தெய்வ உருவங்கள் அமையவேண்டிய இடங்களைப் பூவும் கொடியும் கோலவடிவங்களும் நிரப்பின. கலைமரபைக் கைவிடாமலே ஏகத்துவக் கொள்கையைக் கல்லில் நிலைநாட்டிய திறம் இது.

சீதக்காதியின் ஆதரவில் வளர்ந்த மற்றொரு படைப்பையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். உமறுப் புலவரின் சீறாப்புராணம், அரபு நாட்டை வருணிக்கும்போது நாட்டுப் படலம், நகரப் படலம் என்னும் தமிழ்க் காப்பிய மரபையே கைக்கொண்டது. அரபு மண்ணில் தமிழ் மழை பொழிகிறது. காப்பியத்தில் புலவர் செய்ததைப் பள்ளியில் சிற்பி செய்தார். ‘பள்ளி’ என்னும் சொல்லும் அவ்வாறே. சமணரும் பௌத்தரும் வழங்கிய அச்சொல்லை நம் முன்னோர் தயக்கமின்றி ஏற்று மஸ்ஜிதுக்குப் பெயராக்கினர். கிழவன் சேதுபதியோடு நட்புப் பூண்டு, ‘விஜய ரகுநாத’ எனும் பட்டத்தோடு வழங்கப்பெற்ற ஒரு மரக்காயரும், அவர் போற்றிய மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (1632-1703) அவர்களும் வாழ்ந்த சூழலில், தமிழராயிருப்பதும் முஸ்லிமாயிருப்பதும் இரு வேறு பணிகளாகக் கருதப்படவில்லை.

இம்மரபு எப்போது தளர்ந்தது? ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியோடு முகலாயப் பாணி தமிழகத்தில் வலுப்பெற்றது. 1795இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் எழுந்த வாலாஜா பள்ளிவாசல் அப்பாணியின் கம்பீரமான சான்று. அதுவும் கருங்கல்லால் ஆனதே. அதன் அழகைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் மனம் வராது. குறை அப்பாணியில் இல்லை. அது ஒன்றே பள்ளிக்குரிய பாணி என்று பின்னர் நாம் கொண்ட எண்ணத்தில் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரின் பொருள்வளம் ஊர்களுக்குத் திரும்பிய கடந்த அரை நூற்றாண்டில், சிமெண்டுக் குவிமாடமும் மினாராவும் பக்தியின் அடையாளங்களாகவே மாறின. கல் தூண்கள் ‘கோயில் போல’ இருக்கின்றன என்ற கூச்சமும் இதனுடன் சேர்ந்துகொண்டது.

பழம்பள்ளிகளை இடித்துக் கட்டுவோர் கூறும் காரணங்களைப் புறக்கணித்தலும் நேர்மையாகாது. ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் இடம் போதவில்லை என்பது உண்மை. நெருங்கிய தூண்கள் வரிசையைத் துண்டிக்கின்றன என்பதும் உண்மை. தூண்களுக்கிடையே வரிசை அமைப்பதை நபித்தோழர்கள் தவிர்த்து வந்ததாக அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிப்பும் உண்டு. ஆயின், இடநெருக்கடியின்போது அதற்கு இடமளித்த மார்க்க அறிஞர்களும் உளர். இவை விரிவாக்கத்துக்கான காரணங்களேயன்றி, அழிப்புக்கான காரணங்கள் ஆகா.

அண்டை மாநிலத்து அனுபவம் இதற்கு விடையளிக்கிறது. கொடுங்கல்லூர்ச் சேரமான் ஜும்ஆ பள்ளியும் கி.பி. 629 என்னும் ஆண்டை உரிமை கொண்டாடுவது. கேரள மரபிலான அதன் பழைய முகப்பு, 20ஆம் நூற்றாண்டின் விரிவாக்கங்களில் கான்கிரீட் மாடங்களுக்கும் மினாராக்களுக்கும் பின்னே மறைந்துபோயிற்று. தொன்மையைப் பறைசாற்றிய பள்ளி, தன் தொன்மைத் தோற்றத்தையே இழந்து நின்றது. முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தின் கீழ் அண்மை ஆண்டுகளில் அப்பிற்சேர்க்கைகள் அகற்றப்பட்டன. ஓட்டுக் கூரைத் தோற்றம் மீட்கப்பட்டது. கூடுதல் இடத்துக்குத் தரைக்கடியில் தொழுகைக் கூடம் திட்டமிடப்பட்டது. ஜமாஅத்தின் தேவையும் பழங்கட்டடமும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதை இது மெய்ப்பிக்கிறது.

தமிழகத்தில் இத்துறையில் உழைத்தோர் சிலரே. புதுக்கோட்டை அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த ஜெ. ராஜா முகமது தமிழக இஸ்லாமியக் கட்டடக்கலையைத் தனித்துறையாக எடுத்து எழுதினார். மெஹர்தாத் ஷுகூஹி 2003இல் வெளியிட்ட ஆங்கில நூல், மதுரை, காயல்பட்டினம், கீழக்கரைக் கட்டடங்களை அளந்து ஆராய்ந்தது. கோம்பை எஸ். அன்வரின் ‘யாதும்’ (2013) ஆவணப்படம் கல் பள்ளிகளைப் பொதுமக்களின் கண்முன் நிறுத்தியது. ஆனால் நம் பள்ளிகளின் நிர்வாகங்கள் இவ்வறிவைத் தமதாக்கிக்கொண்டனவா என்றால், ஆம் என்று கூறத் துணிவு வரவில்லை.

இது கடற்கரை ஊர்களின் கவலை மட்டுமன்று. கல் பள்ளி எதுவும் எஞ்சாத உள்நாட்டு ஊர்களுக்கும் இதில் பங்குண்டு. விருதுநகரிலோ சூலக்கரையிலோ சிவகாசியிலோ நாளை ஒரு புதிய பள்ளி எழுமானால், அதன் வரைபடத்தை எங்கிருந்து பெறுவது என்னும் வினா அந்த ஜமாஅத்தின் முன்னும் நிற்கும். கரிசல் நிலத்தின் கடும் வெயிலுக்கு, தாழ்ந்த கொடுங்கையும் நிழல் தரும் முன்மண்டபமும் தடித்த கல்லும், மெல்லிய சிமெண்டு மாடத்தைக் காட்டிலும் ஏற்றவை. அழகுணர்வை ஒதுக்கி வைத்துக் கணக்குப் பார்த்தாலும் இம்மரபு தோற்பதில்லை.

பழம்பள்ளியில் கைவைக்கும் முன் ஒவ்வொரு ஜமாஅத்தும் மூன்று காரியங்களையேனும் செய்தல் வேண்டும். தூண் தூணாக அளந்து வரைபடம் எடுத்தல். சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியிலும் மீஸான் பலகைகளிலும் உள்ள எழுத்துகளைப் படியெடுத்துக் கல்வெட்டறிஞரிடம் காட்டுதல். விரிவாக்கத்தைப் பின்புறத்திலோ பக்கத்திலோ அமைக்க முடியுமா எனக் கட்டடப் பொறியாளரிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்டல். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு மினாராவின் செலவில் சிறு பங்குகூட இராது. முந்நூறு ஆண்டுகள் சுஜூதைத் தாங்கிய தளத்தைப் பெயர்த்தெடுக்கும் முடிவு, ஒரு மாலை மஷூராவில் கைதூக்கி எடுக்கத்தக்கதன்று.