காப்பாற்றுதல் என்கிற சொல்லாடல்: ஒரு பேனாக்கத்தியை முன்வைத்து

2013 தொடக்கத்தில், நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது, கத்தி சேகரிக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் இழவு வீட்டுக் கனம். "வெங்கர் முடிஞ்சுபோச்சு தம்பி. இனிமே அந்தப் பேர்ல கத்தி வராது. கிடைக்கிறத இப்பவே வாங்கி வச்சுடணும்." வெங்கர் யாரென்றே எனக்கு அப்போது தெரியாது. இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே கத்தி, கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'திறக்க வேண்டாம். பத்திரம்.' திறக்கக்கூடாத மடக்குக் கத்தி! இந்தக் கட்டுரை அந்தச் சீட்டின் மீதான ஒரு வாசிப்பு, அவ்வளவுதான்.

1

சுவிஸ் ராணுவத்துக்குப் பேனாக்கத்தி தேவைப்பட்டது ஒரு துப்பாக்கியால். 1889 மாடல் துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கத் திருப்புளி வேண்டும். சிப்பாய்க்கு டப்பா உணவைத் திறக்கவும் ஒன்று வேண்டும். அலகு, திருப்புளி, டப்பாத் திறப்பான், துளைபோடும் ஊசி என நான்கே உறுப்புகளோடு, மரப்பிடி போட்டு, 1890 மாடல் கத்தி முடிவாயிற்று. ஆனால் முதல் தொகுதியைச் செய்துதரும் வசதி உள்நாட்டில் இல்லை. ஜெர்மனியின் ஸோலிங்கனில் செய்து வாங்கினார்கள். 'சுவிஸ்தன்மை'க்கு இன்று உலகமே அடையாளமாகக் காட்டும் பொருளின் மூலப்பிரதியே அயலான் கைவேலை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1884இல் ஈபாக் என்னும் ஊரில் பட்டறை போட்ட கார்ல் எல்ஸனர் 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆனது அந்தப் பட்டறைதான். 1893இல் பிரெஞ்சு பேசும் ஜூரா பகுதியில் தோன்றிய இன்னொரு தொழிற்கூடம் வெங்கர் ஆயிற்று. 1908இல் ராணுவம் ஒப்பந்தத்தைப் பாதிப்பாதியாகப் பிரித்தது. ஜெர்மன் பேசும் பக்கம் பாதி, பிரெஞ்சு பேசும் பக்கம் பாதி. யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம் என்கிற ஏற்பாடு. ஒருவர் தன் கத்தியை 'மூலமானது' என்றார், மற்றவர் தன்னுடையதை 'உண்மையானது' என்றார். மூலம் பெரிசா, உண்மை பெரிசா என்ற தத்துவச் சண்டை நூறு வருஷம் ஒரு விளம்பர வாசகத்துக்குள் நடந்திருக்கிறது.

சசூர் சொன்னதை இங்கே சும்மா நினைத்துப்பார்க்கலாம்: ஒரு குறி தன்னளவில் எதுவுமில்லை, மற்றதிலிருந்து வேறுபடுவதால்தான் அது அதுவாகிறது. ஒன்றில் சிலுவை கேடயத்துக்குள் இருக்கும், இன்னொன்றில் முனை மழுங்கிய சதுரத்துக்குள். விக்டோரினாக்ஸ் கத்தரிக்கோலில் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று உண்டு. வெங்கர் கத்தரிக்கோலில் அது கிடையாது, பதிலுக்கு அலகில் ரம்பப் பல் இருக்கும். வித்தியாசம் இவ்வளவுதான். வெங்கர்காரர்களைக் கேட்டால் இந்த 'இவ்வளவுதான்' மீதுதான் சத்தியம் செய்வார்கள். அவர்கள் நேசித்தது கத்தியை அல்ல, வேறுபாட்டை என்று எனக்குப் படுகிறது.

2

2001 செப்டம்பருக்குப் பிறகு விமானத்தில் பேனாக்கத்தி கொண்டுபோவது குற்றமாயிற்று. விமான நிலையக் கடைகளில் விற்பனை விழுந்தது. அந்த அடியில் தள்ளாடிய வெங்கரை 2005இல் விக்டோரினாக்ஸ் வாங்கியது. எட்டு வருஷம் இரண்டு பெயரும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 2013 ஜனவரியில் கத்திகளுக்கு இனி ஒரே பெயர்தான் என்று அறிவிப்பு வந்தது. வெங்கர் என்ற பெயர் கடிகாரத்துக்கும் பெட்டி, பைகளுக்கும் போயிற்று. கத்தி பெயரை இழந்தது. பெயர் கத்தியை இழந்தது. குறிப்பானும் குறிப்பீடும் இத்தனை சுத்தமாகக் கழன்றுகொண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

என் நண்பரும் அவர் கூட்டாளிகளும் என்ன செய்தார்கள்? நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். பழைய சரக்கு எந்த ஊர்க் கடையில் தூங்குகிறது என்று தேடினார்கள். ஆளுக்கு இரண்டு மூன்றாக வாங்கினார்கள்: ஒன்று உபயோகத்துக்கு, மற்றது பத்திரத்துக்கு. வாங்குவதே வாக்களிப்பது என்று நம்பினார்கள். நிறைய வாங்கினால் நிறுவனம் மனம் மாறும் என்பது கணக்கு. நுகர்வோனுக்குச் சந்தை கொடுத்திருக்கும் ஒரே அரசியல் மொழி இதுதான் என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அவர்கள் புலம்பலில் ஒரு மௌனம் இருந்தது. வெங்கர் கத்திகள் உருவான டெலேமோன்ட் ஊர்த் தொழிற்கூடம் பற்றி, அங்கே வேலை செய்தவர்கள் பற்றி, நண்பர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெயரை நிறுத்திய அதே அறிவிப்பில், டெலேமோன்டில் கத்தி உற்பத்தி தொடரும், வேலைகள் காக்கப்படும் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. 2014இல் வெங்கர் வடிவங்கள் பல 'டெலேமோன்ட்' வரிசை என்று ஊர்ப் பெயரோடு வெளிவந்தன. சில வடிவங்கள் இன்றும் விக்டோரினாக்ஸ் பெயரில் விற்கின்றன. செத்தது பிராண்டு, பட்டறை சாகவில்லை. உழைப்பை மறைத்துக்கொண்டு பொருள் தானே உயிருள்ளதுபோல நிற்பதை மார்க்ஸ் சரக்கின் மாயை என்றார். நண்பர் விஷயத்தில் மாயை இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. பொருள்கூட இருக்கிறது, அதன் மேல் பொறித்த எழுத்து போனதற்குத்தான் இழவு.

இதை எழுதும்போதே எனக்கு நெருடுகிறது. பெயர் சும்மா எழுத்துதானா? நூறு வருஷம் ஒரு சின்ன மொழிப்பகுதி தன் கைவேலைக்கு இட்ட பெயர் அது. பெரியது சின்னதை விழுங்கும்போது 'வேலை போகவில்லையே' என்று தேற்றுவது விழுங்கியவனின் மொழி அல்லவா? நண்பரின் துக்கத்தில் இந்த நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் என் வாசிப்பும் பொய்யாகிவிடும்.

3

பெயர் பிழைத்துக் கத்தி சாகிற மறுபக்கக் கதையும் உண்டு. ஜப்பானில் மிகி என்னும் ஊரின் ஹிகோனொகாமி மடக்குக் கத்தி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது. உலோகத் தகட்டை மடித்துச் செய்த பிடி, அலகின் பின்புறம் கட்டைவிரலால் அமுக்க ஒரு கொம்பு, பூட்டு கிடையாது. ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் பையில் எல்லாம் கிடந்தது. 1960 அக்டோபரில் சோஷலிஸ்டுக் கட்சித் தலைவர் அசானுமா இனெஜிரோவை மேடையிலேயே பதினேழு வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொன்றான். குத்தியது குறுவாளால். ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. பலி போனது பென்சில் சீவிய கத்தி. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. பதிவு பெற்ற அந்தப் பெயரை இன்று தாங்குவது மிகியில் ஒரே குடும்பத்துப் பட்டறை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. நாகானோ மாநிலத்தில் இகெதா ஊரின் ஆரம்பப் பள்ளி ஒன்றில் 1983 முதல் முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஹிகோனொகாமி கொடுக்கிறார்கள். பென்சில் சீவ. விரல் அறுபடும்தான். கத்தியைப் பயன்படுத்தவும் தீட்டவும் தெரிந்த பிள்ளைகள் அங்கே வருஷா வருஷம் உருவாகிறார்கள். சேகரிப்பவன் கத்தியின் உடலைக் காப்பாற்றுகிறான். இந்தப் பிள்ளைகள் அதன் வினையைக் காப்பாற்றுகிறார்கள். பெயர்ச்சொல்லைப் பெட்டியில் வைக்கலாம், வினைச்சொல்லை வைக்க முடியாது.

4

பத்து வருஷத்துக்கு மேல் பெட்டியில் இருந்த கத்தியைப் போன மாதம் திறந்தேன். அலகு இறுக்கமாக இருந்தது, நகம் வலித்தது. ஊரிலிருந்து வந்த புத்தகக் கட்டின் சணலை அறுத்தேன், ரம்பப் பல் கத்தரிக்கோலால் பிளாஸ்டிக் உறையை வெட்டினேன். நன்றாகவே வெட்டுகிறது. நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போச்சு தம்பி, அதோட மதிப்பே போச்சு" என்றார்.

பரிவர்த்தனை மதிப்பைச் சொல்கிறார், சரிதான். பயன்மதிப்பு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. "அண்ணே, உங்ககிட்ட உபயோகத்துக்குன்னு ஒன்னு இருந்துச்சே, அது எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். அதையும் பெட்டியில் வைத்துவிட்டாராம்.