'லயன்' திரைப்படத்தில் இரண்டாம் மகன்: பன்னாட்டுத் தத்தெடுப்பும் உடன்பிறப்பு உறவும்

ஆய்வுச் சுருக்கம்

கார்த் டேவிஸ் இயக்கிய 'லயன்' (2016), தொலைந்துபோன மகன் தன் தாயைக் கண்டடையும் கதை. அதே ஆஸ்திரேலிய வீட்டிற்கு இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு வரும் மற்றொரு சிறுவன் மந்தோஷ். பிறப்பிடம் தேடும் கதையமைப்பு, தத்துக் குழந்தைகளுக்கிடையே உருவாகும் உடன்பிறப்பு உறவையும் அன்றாட வளர்ப்பையும் எவ்வாறு ஓரங்கட்டுகிறது என்பதை இக்கட்டுரை மந்தோஷ் பாத்திரத்தின்வழி ஆராய்கிறது. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தத்தெடுப்பு, உடன்பிறப்பு, வளர்ப்பு, தாய்மை, திரைக்கதை.

முன்னுரை

மத்தியப் பிரதேசத்தின் கண்டுவா நகரைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் சரூ, 1986ஆம் ஆண்டு ஆளில்லா ரயில் ஒன்றில் உறங்கிவிட்டுக் கல்கத்தாவை அடைகிறான். 1987ஆம் ஆண்டு டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் வாழும் சூ, ஜான் பிரையர்லி இணையர் அவனைத் தத்தெடுக்கின்றனர். வளர்ந்தபின் கூகுள் எர்த் வழியாகத் தன் ஊரைக் கண்டறிந்த அவர், 2013ஆம் ஆண்டு தம் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார். அந்நூலின் திரைவடிவமே 'லயன்'. இங்கு ஆராயப்படுவது திரைப்படம் படைத்த மந்தோஷ் என்னும் பாத்திரமே. மெய்யான மனிதர் அல்லர்.

உடன்பிறப்பு என்னும் சொல்

'உடன்பிறந்தார்' என்ற சொல்லில் 'உடன்' என்பதும் 'பிறப்பு' என்பதும் இணைந்து நிற்கின்றன. வெவ்வேறு தாய்மாருக்குப் பிறந்து ஒரே வீட்டில் வளரும் தத்துக் குழந்தைகளிடம் பிறப்பு விலகி, 'உடன்' மட்டுமே எஞ்சுகிறது. வளர்ப்பின்வழி அமையும் உறவு தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகளாகவே காட்டுகிறது. தலைவிக்கும் அவளுக்குமான நெருக்கத்தின் வேர் ஒரே கையில் வளர்ந்தமையில் இருக்கிறது.

சட்டமும் இதை உணர்ந்துள்ளது. பன்னாட்டுத் தத்தெடுப்புக்கு நெறிமுறை வகுத்த லட்சுமி காந்த் பாண்டே வழக்கின் தீர்ப்பில் (1984) இந்திய உச்ச நீதிமன்றம், உடன்பிறந்தாரை மட்டுமன்றி உடன்பிறந்தாராக வளர்க்கப்பட்ட குழந்தைகளையும் சிறப்புக் காரணமின்றிப் பிரித்தல் கூடாது என்றது. மூன்று வயது நிறைவதற்குள் குழந்தையைத் தத்துக் கொடுப்பது விரும்பத்தக்கது என்றும், அப்போதுதான் புதிய சூழலில் எளிதாக இணையும் என்றும் அத்தீர்ப்பு கருதியது. சரூவும் மந்தோஷும் அவ்வயதைக் கடந்து, நினைவுகளோடு வந்தவர்கள். ஆகவே அவர்களை வளர்ப்பது என்பது அந்நினைவுகளையும் சேர்த்து ஏற்பதாகிறது.

இரு வருகைகள்

சரூவின் வருகை பொறுமையாகக் காட்டப்படுகிறது. குளிர்பதனப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் அவன் கண்களால் நாம் பார்க்கிறோம். அவனைக் குளிப்பாட்டும் சூ, என்றேனும் ஒருநாள் அவன் தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்வான் என்றும், தான் எப்போதும் கேட்பேன் என்றும் கூறுகிறார். ஆங்கிலம் அறியாத சிறுவனுக்குச் சொற்கள் புரிந்திருக்க வாய்ப்பில்லை. எனினும் தாய் தரும் வாக்குறுதியாக அக்காட்சி அமைகிறது. சரூ அமைதியானவன், கொடுத்ததை ஏற்பவன். அவன் வந்த வழியைப் படத்தின் முற்பகுதி முழுவதும் கண்டிருப்பதால், அந்த அமைதிக்குப் பின்னுள்ள அச்சத்தையும் பார்வையாளர் அறிவர்.

மந்தோஷின் வருகைக்கு இத்தகைய முன்கதை இல்லை. வீட்டிற்குள் வந்ததும் அவன் அலறுகிறான். தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறான். பெற்றோர் அவனைத் தடுத்து ஆற்ற முயல, சரூ நின்று பார்க்கிறான். பின்னர் கலங்கியிருக்கும் தாயைத் தேற்றுபவனும் சரூவே.

இவ்விடத்தில் குடும்பத்தின் பாத்திரப் பகிர்வு முடிந்துவிடுகிறது. ஒருவன் தாயின் கண்ணீரைத் துடைப்பவன். மற்றவன் அக்கண்ணீருக்குக் காரணமானவன். ஆனால் சரூவின் நடத்தையும் எளிய நலத்தின் அடையாளமன்று. வீட்டை ஒருமுறை இழந்த குழந்தை, மீண்டும் இழக்காதிருக்க நல்லவனாக நடந்துகொள்ளக் கற்கிறது. புதிதாக வந்தவனின் அலறல், தன் இருப்பும் உறுதியற்றதோ என்ற ஐயத்தை அக்குழந்தைக்குள் எழுப்பக்கூடும். இருவரும் ஒரே இழப்புக்கு இருவேறு மறுமொழி தருகின்றனர். திரைப்படம் முதல் மறுமொழியைப் பண்பாகவும் இரண்டாவதை நோயாகவும் வாசிக்கத் தூண்டுகிறது.

காட்டப்படாத இருபது ஆண்டுகள்

அடுத்த காட்சியில் இருபது ஆண்டுகள் கடந்துவிடுகின்றன; சரூ கடலலையில் விளையாடும் இளைஞனாக நிற்கிறான். தத்துப் பெற்றோரின் உழைப்பு முழுவதும் இந்த ஒற்றை வெட்டுக்குள் மறைகிறது. தாய்மொழி எப்போது மறந்தது? சிறுவர் இருவரும் முதலில் எம்மொழியில் பேசிக்கொண்டனர்? இரவில் விழித்தழும் ஒருவனை மற்றவன் எவ்வாறு எதிர்கொண்டான்? ஒருவனுக்குப் பலித்த அன்பின் வழி மற்றவனுக்குப் பலிக்காதபோது பெற்றோர் என்ன செய்தனர்? உடன்பிறப்பு உறவு உருவாவதும் உருவாகாமற் போவதும் இவ்வினாக்களுக்குள்தான். படத்திற்கோ தொலைவு, தேடல், கண்டடைதல் ஆகிய மூன்றே தேவைப்படுகின்றன.

வளர்ந்த மந்தோஷ் மீண்டும் தோன்றும்போது, அவன் பெற்றோரின் கவலையாகவும் சரூவின் எரிச்சலாகவுமே தோன்றுகிறான். பிற்பகுதியில் சரூ, தாங்கள் இருவரும் எழுதப்படாத தாள்களாக வரவில்லை என்றும், தங்களோடு தங்கள் கடந்தகாலத்தையும் பெற்றோர் தத்தெடுக்க நேர்ந்தது என்றும் தாயிடம் வருந்துகிறான். பிள்ளைபெற இயலாமையால் தாம் தத்தெடுக்கவில்லை என்றும், விரும்பியே இருவரையும் தேர்ந்தோம் என்றும் சூ மறுமொழி கூறுகிறார். படத்தின் மிகச் சிறந்த உரையாடல் இது. தத்தெடுப்பு, மகப்பேறின்மைக்கு மாற்று என்ற பொதுக்கருத்தை இது தகர்க்கிறது. ஆயினும் மந்தோஷ் இங்கும் இல்லை. இருவரின் கடந்தகாலமும் பேசப்படும் இடத்தில் ஒருவனே பேசுகிறான்.

தேடலில் விடுபடுவோர்

'கன்னத்தில் முத்தமிட்டால்' எல்லை கடந்த தத்தெடுப்பைப் பேசும் தமிழ்ப்படம். ஈழத்து ஏதிலிப் பெண்ணுக்கு இராமேசுவரம் முகாமில் பிறந்த அமுதாவைத் தத்தெடுக்கும்பொருட்டே திருச்செல்வனும் இந்திராவும் மணம் புரிகின்றனர். ஒன்பதாம் பிறந்தநாளில் உண்மையை அறியும் அமுதா, பெற்ற தாயைத் தேடுகிறாள். அவளுக்கு இரு தம்பியர் உண்டு. மந்தோஷைப் போலன்றி அவர்கள் வீட்டின் கலகலப்பாக இருக்கிறார்கள். ஆயினும் இலங்கைப் பயணம் தொடங்கும்போது, அமுதா பெற்றோருடன் செல்ல, தம்பியர் கதையிலிருந்து விலகுகின்றனர். அக்காள் தம் அக்காள்தானா என்ற கேள்வி தம்பியருக்குள் என்ன செய்தது என்பது கேட்கப்படுவதில்லை.

மொழியாலும் சூழலாலும் வேறுபட்ட இரு படங்களும் இவ்வகையில் ஒன்றுபடுகின்றன. பிறப்பிடத் தேடல், உறவை இரு அன்னையருக்கும் ஒரு பிள்ளைக்கும் இடையிலான முக்கோணமாகச் சுருக்குகிறது. அம்முக்கோணத்தில் உடன்வளர்ந்தாருக்கு இடமில்லை. 'லயன்' இறுதியில் குட்டு என்னும் குருதிவழி அண்ணனின் இறப்புக்கு உரிய துயரம் கிடைக்கிறது. உயிரோடிருக்கும் தத்துவழித் தம்பி அந்நிறைவுக்கு வெளியே நிற்கிறான்.

ஒரு மறுப்பும் விடையும்

இது சரூவின் தன்வரலாறு. மந்தோஷின் கதையைச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. ஆகவே மௌனமே நேர்மை எனலாம். இவ்வாதம் வலுவானது. பிறருடைய துயரை உரிமையின்றி எடுத்தாளாமை ஓர் அறமே. ஆனால் திரைப்படம் மௌனம் காக்கவில்லை. மந்தோஷ் தன்னை வருத்திக்கொள்வதைக் காட்டுகிறது. அதனால் தாய் உடைவதைக் காட்டுகிறது. காரணத்தை மட்டும் விட்டுவிடுகிறது. காயத்தைக் காட்டிக் கதையை மறைப்பது மௌனத்தின் அறத்தில் சேராது. இதன் விளைவு திரைக்கு வெளியேயும் நீள்கிறது. வயது கூடிய, முரண்டு பிடிக்கும் தத்துக் குழந்தை, நன்றியறிந்த குழந்தையோடு ஒப்பிட்டே அளக்கப்படும் நிலையை அது உறுதிசெய்கிறது.

முடிவுரை

'லயன்' தாய்மையைக் குருதிக்கு அப்பால் விரித்துக் காட்டிய படம். அதன் சிறப்பு மறுக்கத்தக்கதன்று. ஆனால் உடன்பிறப்பை அது குருதிக்குள்ளேயே நிறுத்திவிட்டது. குளியலறையில் சூ சரூவுக்குத் தந்த, 'எப்போதும் கேட்பேன்' என்ற வாக்குறுதியைத் திரைக்கதை ஒரு மகனுக்கு நிறைவேற்றியது, மற்றவனுக்கு நிறைவேற்றவில்லை. தத்துக் குடும்பம் குறித்த திறனாய்வு இனிமேல், குழந்தை எங்கிருந்து வந்தது என்பதோடு, யாருடன் வளர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும். அவ்வினாவை எழுப்பும்போதே மந்தோஷ் போன்ற பாத்திரங்கள் பிறர் துயரின் காரணங்களாக அன்றித் தமக்கெனக் கதையுடையவர்களாகத் தெரியத் தொடங்குவர்.