பகை வெளியே இல்லை: ப்யோம்கேஷ் கதைகளில் குற்றவாளிகள்

கல்கத்தாவில் எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. கடை படாபஜாரில். கல்லூரி வாசல் மிதித்தவனல்ல. கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் வங்காளி எழுத்துக் கூட்டினேன். அப்படி நான் முழுசாகப் படித்த முதல் புத்தகம் சரதிந்து பந்த்யோபாத்யாயின் ப்யோம்கேஷ் பக்ஷி கதைகள். அவன் குடியிருந்த ஹாரிசன் ரோடு (இன்றைய மகாத்மா காந்தி ரோடு) என் கடைக்குக் கூப்பிடு தூரம். 1993-இல் தூர்தர்ஷனில் இந்தியில் வந்ததை நம்மவர் பலரும் பார்த்திருப்பீர்கள்.

1932-இல் தொடங்கிய இக்கதைகள் ஆசிரியர் மறைந்த 1970 வரை நீண்டன. இதில் ப்யோம்கேஷ் மாறியதை எல்லாரும் சொல்வார்கள்: தனிக்கட்டையாக இருந்தவன் சத்யவதியை மணந்து, பிள்ளை பெற்று, குடும்பஸ்தன் ஆகிறான். என் பேச்சு அவனுக்கு எதிரே நின்றவர்களைப் பற்றியது. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது; படிக்காத அன்பர்கள் பொறுத்தருள்க.

ஆரம்பத்தில் குற்றம் ஒரு தொழில். 'சத்யான்வேஷி'யில் வருகிறவர் மெஸ் நடத்தும் சாதுவான ஹோமியோபதி டாக்டர். உள்ளே கொக்கேன் வியாபாரம். 'பதேர் காண்டா'வில் கூலிக்குக் கொல்பவன் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறான்; ஆயுதம் சைக்கிள் மணியிலிருந்து பாயும் கிராமபோன் ஊசி. சரக்கு, விளம்பரம், வசூல் எல்லாம் உண்டு. கடைக்காரனுக்குப் புரிகிற வில்லன்கள். 'அர்த்தமனர்த்தம்' கதையில் குற்றம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஆனால் அங்கேயும் காரணம் உயிலும் சொத்தும்தான்.

முப்பதுகளின் நடுவில் ஆசிரியர் இத்தொடரை நிறுத்தினார். பம்பாய் போய் சினிமாவுக்குக் கதை எழுதினார். சுமார் பதினைந்து வருஷம் கழித்துத்தான் ப்யோம்கேஷ் திரும்பி வந்தான். இடையில் உலக யுத்தம், பஞ்சம், கலவரம், பிரிவினை. திரும்பி வந்த கதைகளில் குற்றவாளி நம் பக்கத்து நாற்காலிக்காரன்.

'ஆதிம் ரிபு'வைப் பாருங்கள். ஆதிப் பகை என்று பொருள். கொலையுண்டவர் கறுப்புச் சந்தையில் கொழுத்தவர். கொன்றவன் அவர் நிழலில் இருந்த பையன். கதை முடிகிறபோது தேசத்துக்குச் சுதந்திரம் வருகிறது. ப்யோம்கேஷ் அவனைப் போலீசில் ஒப்படைக்கவில்லை. கறுப்புப் பணத்தைக் கொளுத்திவிடுகிறான். முதல்முறை படித்தபோது, உண்மையைச் சொன்னால், நோட்டு எரிந்ததற்குத்தான் எனக்கு வயிறு எரிந்தது!

இரண்டாவது வாசிப்பில்தான் தலைப்பு உறைத்தது. எங்கள் சமண மரபில் அரிஹந்தர் என்றால் பகையை வென்றவர். அந்தப் பகை கோபம், மானம், மாயம், உலோபம். நான்கும் உள்ளே இருப்பவை. முதல் கதைகளில் ப்யோம்கேஷ் பகைவனைப் பிடித்தான். பிந்திய கதையில் பகையைப் பார்த்துவிட்டான். பார்த்தவனுக்கு விலங்கு மாட்டுவது அத்தனை சுலபமில்லை.

கொலைகாரனை விட்டது சரியா? கொல்லாமையில் வளர்ந்த எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. செத்தவர் கெட்டவர் என்பதால் கொலை குறைந்துவிடாது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருஷம் முன்பு கல்லாவில் கைவைத்த பையன் ஒருவனை நான் போலீசில் கொடுத்தேன். கணக்குப்படி நியாயம். எதற்கு எடுத்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. ப்யோம்கேஷ் தன்னைத் துப்பறிவாளன் என்று சொல்லிக்கொள்ளமாட்டான். 'சத்யான்வேஷி' என்பான், உண்மையைத் தேடுகிறவன். நான் தேடியது பணத்தை. இந்தக் கதைகளை மறுபடி எடுக்கும்போதெல்லாம் அந்தப் பையன் முகம்தான் வருகிறது.