மவுசரும் த்ரீ நாட் த்ரீயும்

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு 1919இன் வெர்சாய் ஒப்பந்தம் கறாராக அளந்து கொடுத்தது: 1 லட்சம் பேர் ராணுவம், 84,000 ரைஃபிள், 18,000 கார்பைன். தண்டனைதான். ஆனால் அடுத்த போரில் காலாள் எதை ஏந்த வேண்டும் என்று முதலிலிருந்து யோசிக்க அது அவகாசமும் கொடுத்தது.

அந்த யோசனையின் விளைவாக 1935இல் வந்தது கே98கே ரைஃபிள். 1898இல் ஏற்ற அதே மவுசர்தான். 1250 மி.மீ. நீளம் 1110 ஆகக் குறைந்தது. போல்ட்டின் கைப்பிடி வளைக்கப்பட்டது. உள்ளே 5 தோட்டா; ஒவ்வொரு வேட்டுக்கும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். மறு ஆண்டே அமெரிக்கா, விசையை அழுத்த அழுத்தச் சுடும் 8 தோட்டா கேரண்ட் ரைஃபிளை ஏற்றுக்கொண்டது.

ஜெர்மானியர் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது, அதுவும் வலுவாக. அவர்களுடைய காலாட்குழுவின் உயிர்நாடி எம்ஜி34 இயந்திரத் துப்பாக்கி. நிமிடத்துக்கு 800 தோட்டாவுக்கு மேல் பாய்ச்சும் அதற்குக் குண்டு சுமப்பதும் காவல் நிற்பதுமே ரைஃபிள்காரர்களின் முதல் வேலை. 1935க்குப் பிறகு படை மளமளவென்று பெருத்தது. மவுசர் செய்யத் தெரிந்த கைகளும் இயந்திரங்களும் தயாராக இருந்தன. அவசரத்தில் இருக்கும் தளபதி தெரிந்ததைத்தான் கேட்பார்.

என்றாலும் என் கணக்கில் இந்த நியாயம் பாதி தூரம்தான் வரும். கே98கேயின் குறிபார்க்கும் அளவுகோல் 2000 மீட்டர் வரை இருந்தது. பதுங்குகுழிச் சண்டையிலோ பெரும்பாலான வேட்டு சில நூறு மீட்டருக்குள் முடிந்தது. அந்தத் தூரத்துக்குச் சிறிய தோட்டா போதும்; தோட்டா சிறுத்தால் உதைப்பு குறையும், தானியங்கியாகவும் சுடலாம். ஹைன்ரிக் ஃபோல்மர் 1930களின் நடுவிலேயே அப்படியொரு கார்பைனைச் செய்து காட்டினார். ராணுவம் அதை ஏற்கவில்லை. பிறகு 1938இல் அதே எண்ணத்துக்காக ஹேனல் நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட்டது. அது உருப்பெற்றுப் படையின் கைக்குப் பரவலாக வந்தபோது போர் கைவிட்டுப் போயிருந்தது. ஆக, எண்ணம் இல்லாமல் போகவில்லை. இருந்த எண்ணத்தைக் காலத்தில் எடுக்கவில்லை. குற்றச்சாட்டு அதுதான்.

இதே தராசில் நம்மை வைத்துப் பார்க்க எனக்கு மனம் கனக்கிறது. வங்காளத்தின் இஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலை 1904இல் தொடங்கியது. அது செய்த த்ரீ நாட் த்ரீ (.303) இரண்டு உலகப் போரிலும் இந்தியச் சிப்பாயின் தோளில் போனது. அருமையான ரைஃபிள், 10 தோட்டா, வேகமான போல்ட். ஆனால் 1950களில் பிரிட்டனே அதை விட்டு, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் எஸ்எல்ஆருக்கு மாறிவிட்டது. நாம் மாறவில்லை. 1962இல் இமயமலையில் நம் வீரர் போல்ட்டை இழுத்துக்கொண்டிருக்க, சீன வீரர் இழுக்கத் தேவையில்லாத ரைஃபிளால் சுட்டார். அந்தத் தோல்விக்குக் குளிர்காலத் துணியும் சாலையும் தலைமையும்கூடக் காரணம். ரைஃபிள் மட்டும் என்று சொல்வது பொய். ஆனாலும் 15 ஆண்டு கையில் இருந்தும் மாற்றாத ஒன்று அது. தோற்ற பிறகுதான் எஸ்எல்ஆர் இஷாபூரில் உருவானது. அதோடு பழைய போல்ட் ரைஃபிளையே 7.62 தோட்டாவுக்குத் திருத்தி 2ஏ1 என்றும் செய்தார்கள்.

இதை எழுதும் குளத்தூரிலிருந்து களியக்காவிளை தாண்டி நாகர்கோவில் சாலையில் போனால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாயைக் கொண்டே திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கினார். அந்தக் கோட்டையில் பீரங்கி வார்க்க உலை மூட்டினார். வென்ற மன்னர் தோற்றவனிடம் படித்தார். இந்த மண்ணுக்கு அந்தப் பாடம் புதிதல்ல என்பதால்தான் 1950களின் டில்லி மீது என் கோபம் அதிகம்.

ராணுவம் ஒருவழியாக மாறியது. காவல்துறை பல மாநிலங்களில் நெடுங்காலம் மாறவில்லை. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்தில் காவலர் சிலரின் கையில் த்ரீ நாட் த்ரீ, எதிரே பயங்கரவாதிகள் கையில் ஏகே. ஏகே எந்த எண்ணத்தில் பிறந்ததோ அந்த எண்ணம் 1930களின் ஜெர்மனியில் மேசை மேல் கிடந்ததுதான். உத்தரப் பிரதேசக் காவல்துறை த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில்.

1935இன் ஜெர்மானிய முடிவு பாதி சரி: எம்ஜி34 அதைத் தாங்கியது. 1947க்கும் 1962க்கும் இடைப்பட்ட இந்திய முடிவைத் தாங்க எதுவும் இல்லை. அது முழுத் தவறு.