கோல்ட்ரேனின் சாதகமும் சங்கீதமும்

வித்வான் ஒருவர் வீட்டில் தனித்திருந்து செய்யும் சாதகத்துக்கும் சபையோர் முன்னிலையில் நிகழ்த்தும் கச்சேரிக்கும் இடையே ஒரு கதவு இருப்பது வழக்கம். அந்தக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, தேடலையே கச்சேரியாக்கிக் காட்டியவர் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன். அவருடைய மேன்மைகளும் குறைகளும் அந்த ஒரே காரியத்திலிருந்து பிறந்தவை என்பதே அவருடைய இசைத்தட்டுகளைப் பலமுறை கேட்டபின் எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம்.

1926-இல் வட கரோலினா மாகாணத்தின் ஹாம்லெட் என்னும் சிற்றூரில் பிறந்த அவருக்கு இரு வழிப் பாட்டனார்களும் கிறிஸ்தவப் போதகர்கள். பன்னிரண்டாம் வயதில் தந்தையை இழந்து, பின்னர் பிலடெல்பியாவில் குடியேறி, சாக்ஸபோனை இரவு பகலாகப் பயின்றார். ஹெராயினும் மதுவும் அவரைப் பற்றிக்கொண்டதால் 1957-இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அதே ஆண்டில் அவ்விரண்டையும் உதறி எழுந்ததைத் தெய்வத்தின் அனுக்கிரகம் என்றே அவர் கருதினார். அதற்குப் பிறகு அவர் வாசித்ததில் பிரார்த்தனையையும் பயிற்சியையும் பிரித்துக் காண்பது அரிது.

1959-இல் பதிவான 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' உருப்படியில் ஆதார சுருதி ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறை இடம் மாறுகிறது. ஒன்றுக்கொன்று சம தூரத்திலுள்ள மூன்று சுருதிகளிடையே அவருடைய டெனர் சாக்ஸபோன் தடுமாற்றமின்றித் தாவிச் செல்கிறது. அடுத்து வாசிக்கும் டாமி ஃப்ளானகன் தேர்ந்த பியானோ கலைஞரேயாயினும், அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் வாக்கியங்களை முறித்து, வெறும் சுரக்கட்டுகளாக இறக்கி வைப்பதை அந்த இசைத்தட்டு அப்படியே காட்டிவிடுகிறது. இதைக் கேட்டு நான் வியக்கிறேன். ஆயினும் நெஞ்சம் நெகிழ்வதில்லை. கணக்கின் பூரணத்துவம் அதில் உண்டு, இளைப்பாற ஒரு நிழல் இல்லை.

நிழலைத் தேடித்தான் போலும், அவர் சுருதி மாற்றங்களைக் குறைத்து, ஒரே ஸ்வர வரிசையில் நெடுநேரம் நின்று சஞ்சரிக்கும் முறைக்கு வந்தார். பாரத தேசத்துச் சங்கீதத்தில் அவருக்கு இருந்த ஈடுபாடு மெய்யானது. 1961-இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் இசைக்கூடத்தில் 'இந்தியா' என்ற உருப்படியை வாசித்தார், சிதார் வித்வான் ரவிசங்கரின் பெயரையொட்டித் தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டார். ஆனால் ஆலாபனைக்கு ராகம் வகுத்துக் கொடுக்கும் ஏறுமுகமும் இறங்குமுகமும், நின்று மூச்சுவிடும் ஸ்தானங்களும் இந்தப் புதிய முறையில் இல்லாமையால், எங்கே முடிப்பது என்பது வாசிப்பவரின் தேக பலத்தைப் பொறுத்ததாயிற்று. அவ்வாண்டிலேயே விமர்சகர் ஒருவர் இதனை ஜாஸுக்கே விரோதமான இசை என்று எழுதினார். அந்தத் தீர்ப்பு அநியாயமானது. என்றாலும் அதன் பின்னே இருந்த களைப்பை முற்றிலும் பொய்யென்று தள்ள என்னால் இயலவில்லை. எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை என்று கோல்ட்ரேனே சொன்னதாகவும், வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தால் போதும் என்று மைல்ஸ் டேவிஸ் பதிலளித்ததாகவும் ஜாஸ் உலகில் வழங்கிவரும் கதையில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

துக்கம் எல்லை வகுத்துக் கொடுத்தபோதோ அவருக்கு நிகர் அவரே. 1963 செப்டம்பரில் அலபாமா மாகாணத்தின் பர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் நிற வெறியர் வைத்த வெடிகுண்டுக்கு நான்கு சிறுமியர் பலியாயினர். இரண்டு மாதங்களுக்குப் பிறகு அவர் பதிவு செய்த 'அலபாமா' ஐந்து நிமிட அளவினதே. மெக்காய் டைனரின் பியானோ அடி ஸ்தாயியில் தொலைதூர இடிபோல் உறும, அதன்மேல் சாக்ஸபோன், தாளத்துக்குக் கட்டுப்படாமல், பேசத் தொடங்கி நாத் தழுதழுத்து நின்று மறுபடி தொடரும் மனிதக் குரலைப்போல் எழுகிறது. ஒரு ஸ்வரம்கூட மிகை என்று எடுத்தெறிய முடியாது.

1964 டிசம்பர் 9 அன்று ஒரே நாளில் பதிவான 'எ லவ் சுப்ரீம்' இந்த அடக்கத்தையும் அந்தச் சாதகத்தையும் ஒருங்கே கொண்டது. பேஸ் வாத்தியம் தொடங்கும் நான்கு ஸ்வரங்களை அவர் பன்னிரண்டு சுருதிகளிலும் எடுத்துச் செல்கிறார். இறுதிப் பகுதியில், தாமே எழுதிய துதிப்பாடலின் சொற்களை அசை அசையாக வாத்தியத்திலேயே ஓதுகிறார். நீண்ட இரவுகளில் தேடி அலையாமல் அந்த நான்கு ஸ்வரங்களின் எளிமை அவருக்குக் கைகூடியிருக்குமா என்று என்னையே கேட்டுக்கொண்டால், இராது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு தம்மையும் சேர்த்துப் பதினொரு கலைஞர்களைக் கூட்டி அவர் பதிவு செய்த 'அசென்ஷன்' ஏறக்குறைய நாற்பது நிமிஷம் பொங்கி எழுகிறது. அதன் ஆவேசம் உண்மையானது, ஆனால் அதில் தனிக் குரல்கள் கரைந்து போகின்றன. சில மாதங்களுக்குள் டைனரும், டிரம்ஸ் வாசித்த எல்வின் ஜோன்ஸும் கோல்ட்ரேனின் குழுவை விட்டு விலகினர். இந்த நீளத்தைச் சாதகமின்றி நகல் செய்த பின்வந்தோர் பலர். அவர்களுடைய பிழையை அவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

1967 பிப்ரவரியில், ரஷீத் அலி என்ற டிரம்ஸ் கலைஞர் ஒருவரை மட்டும் துணையாகக் கொண்டு அவர் வாசித்த பதிவுகள் பின்னர் 'இன்டர்ஸ்டெல்லார் ஸ்பேஸ்' என்ற பெயரில் வெளிவந்தன. சுருதிக்குப் பியானோ இல்லை, பேஸும் இல்லை. சாக்ஸபோனை எடுக்குமுன் கோல்ட்ரேன் சிறு மணிகளைக் கையில் எடுத்துக் குலுக்குகிறார். அந்தக் கிண்கிணி ஓசை ஓய்ந்ததும் 'வீனஸ்' என்ற உருப்படியில் அவர் எடுக்கும் மெட்டு, மிக மெல்ல, அவசரமே இல்லாமல் வருகிறது. அதன்பின் ஐந்து மாதங்களே அவர் உயிரோடிருந்தார்.