கமலா தாஸின் கவிதைகள்: ஒப்புதலும் வர்க்கமும்

கமலா தாஸ் (1934–2009) பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி அவரது கவிதைகளைப் பற்றியதன்று. அவரது வாழ்க்கையைப் பற்றியது. கவிதையில் ‘நான்’ வருமிடமெல்லாம் அதனைக் கவிஞரின் நாட்குறிப்பாகக் கொண்டு தீர்ப்பு வழங்கும் வழக்கம் கண்டித்தோரிடமும் போற்றியோரிடமும் ஒருங்கே காணப்பட்டது. முற்போக்கு விமர்சகர் சிலர் வேறொரு குறுக்குவழியை மேற்கொள்வர். ‘பூர்ஷ்வாத் தனிமனிதவாதத்தின் நலிவு’ என்னும் சூத்திரத்தைச் சொல்லியவுடன் அவர்களுக்கு வேலை முடிந்துவிடுகின்றது. சூத்திரம் முற்றிலும் பொய் என்று நாம் கூறவில்லை. ஆனால் அத்தனிமனிதர் எவ்வாறு தோன்றினார், எவ்வுறவுகளிலிருந்து கழன்று தனியரானார் என்பதை ஆராயாது விடுமிடத்து, அது வரலாற்றுப் பொருள்முதல்வாதமாகாது; வெறும் வசையாகும்.

‘ஒப்புதற் கவிதை’ என்னும் தொடர், றொபேட் லோவெலின் கவிதைத் தொகுதியொன்றை 1959இல் மதிப்பிட்ட றொசென்தால் என்னும் அமெரிக்க விமர்சகரால் வழக்குக்கு வந்தது. லோவெல், ஆன் செக்ஸ்டன், சில்வியா பிளாத் ஆகியோரின் வரிசையிற் கமலா தாஸையும் நிறுத்துவது ஆங்கிலத் துறைகளின் பழக்கம். உத்தி நிலையில் ஒற்றுமை உண்டு. ஆயினும் அவ்வமெரிக்கர் ஒப்புவிப்பது முதிர்ந்த முதலாளித்துவச் சமூகத்தின் தனிக்குடும்பத்துள் நிகழும் சிதைவினை. கமலா தாஸின் பின்னணியோ, தனிக்குடும்பம் அப்பொழுதுதான் சட்டத்தாற் பிறப்பிக்கப்பட்ட ஒரு சமூகம்.

அவர் பிறந்தது மலபாரின் புன்னயூர்க்குளத்தில், நாலப்பாட்டுத் தறவாட்டில். தறவாடு என்பது தாய்வழி உரிமையுடைய நாயர் கூட்டுக்குடும்பம். மட்டக்களப்பின் தாய்வழிக் குடிமரபை அறிந்த எமது வாசகருக்கு இதன் சாயல் புதிதன்று. அவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டில், 1933இல், சென்னை மாகாண மருமக்கத்தாயச் சட்டம் நிறைவேறியது. தறவாட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்க அது வழி திறந்தது. சம்பந்தம் எனப்பட்ட உறவைச் சட்டபூர்வத் திருமணமாக்கியது. பின்னர் 1970 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகை முறையை ஒழித்து, அவ்வில்லங்களின் நிலமானிய அடித்தளத்தையே அகற்றிற்று. சட்டரீதியாகக் கூட்டுக்குடும்ப முறை ஒழிந்தது 1976இல். கமலா தாஸின் முதன்மையான கவிதைகள் யாவும் இவ்விரு எல்லைகளுக்கும் இடையே எழுந்தவை.

காரணவர் என்னும் மூத்த ஆணின் அதிகாரத்துள் இருந்தபோதிலும், தறவாட்டுப் பெண்ணுக்குப் பிறந்த வீடு இறுதிவரை தன் வீடாயிருந்தது. சட்டம் அவளைக் காரணவரிடமிருந்து விடுவித்துக் கணவனிடம் ஒப்படைத்தது. கமலா தாஸ் பதினைந்தாம் வயதில் மணந்தவர் இந்திய றிசேவ் வங்கி உத்தியோகத்தர். பின்னர் அவர் வாழ்ந்தவை கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களின் வீடுகள். ‘த ஓல்ட் பிளேஹவுஸ்’ (1973) என்னும் தொகுதியின் தலைப்புக் கவிதையில் வரும், யன்னல்கள் அடைத்துக் குளிரூட்டி இயங்கும் அறையை வெறும் மனோநிலைப் படிமமாகக் கொள்வோர் இவ்வரலாற்றை மறந்தவராவர். அவ்வறையிற் பெண் கற்பது சம்பளக்கார மத்தியதர வர்க்க மனைவியின் கடமைகளை. அதற்கெதிராக ‘சமர் இன் கல்கத்தா’ (1965) தொகுதியிலுள்ள பாட்டி வீட்டுக் கவிதை நிற்கின்றது: பாட்டி இறந்தபின் அடைபட்டுக் கிடக்கும் வீடு, எட்ட முடியாத தொலைவு, அந்நியர் வாயில்களில் அன்பை இரந்து நிற்கும் இன்றைய நிலை. இழந்த அன்பு என்று இங்கு பாடப்படுவதில் இழந்த உரிமையும் பாதியளவு கலந்துள்ளது என்பது எமது கருத்து.

இவ்விடத்தில் நின்றுவிட்டால் கமலா தாஸ் தறவாட்டுப் பழம்பெருமையின் கவிஞராகிவிடுவார். அவ்வாறு நிற்க விடாதது ‘நானி’ என்னும் சிறிய கவிதை. அவரது ஆக்கங்களுள் நாம் தலையாயதாகக் கருதுவது அதுவே. கருவுற்ற பணிப்பெண் ஒருத்தி கழிப்பறையில் தூக்கிட்டு மாள்கின்றாள். பொலிசார் வரும்வரை தொங்கிய உடல் காற்றில் அசைவது, தம்மை மகிழ்விக்கும் கூத்தாக வீட்டுக் குழந்தைகளுக்குத் தோன்றுகின்றது. கைவிடப்பட்ட அவ்விடத்தை மஞ்சட் பூக்கள் மூடுகின்றன. ஓரிரு ஆண்டுகள் கழித்து, தன்னைக் குளிப்பாட்டிய நானியை நினைவிருக்கிறதா என்று சிறுமி பாட்டியிடம் கேட்கிறாள். பாட்டி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அப்படி ஒருத்தி யார் என்று திருப்பிக் கேட்கிறாள்.

மற்றக் கவிதையில் அன்பின் ஊற்றாய் விளங்கும் அதே பாட்டிதான் இவளும். கருவுக்குக் காரணமானவன் எவன் என்பதைக் கவிதை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையுமில்லை. ஒரு வீட்டின் மானம் அவ்வீட்டுப் பணிப்பெண்ணின் பெயரையே அழித்துக் காக்கப்படுவதை இதைவிடச் சுருக்கமாகக் கூறுதல் அரிது. பாட்டி வீட்டின் அன்பு யாருக்கு உரியதாயிருந்தது, யாருக்கு உரியதன்று என்பதை இவ்விரு கவிதைகளையும் அருகருகே வைத்துப் படிப்போர் காண்பர். ஒப்புதற் கவிதை என்ற அடைமொழி இங்கு பயன்படாது போகின்றது. ஒப்புவிக்கப்படுவது கவிஞரின் குற்றமன்று. அவரது வர்க்கத்தின் மறதி.

இத்தகைய பார்வை அவரது ஆங்கிலக் கவிதைகளிற் குறைவாகவும், மாதவிக்குட்டி என்ற பெயரில் எழுதிய மலையாளச் சிறுகதைகளிற் கூடுதலாகவும் காணப்படுவது கவனிக்கத்தக்கது. ‘நெய்ப்பாயசம்’ கதையில் மனைவியைத் தகனம் செய்து திரும்பும் எளிய குடும்பத்தலைவன், அவள் இறுதியாகச் சமைத்து வைத்ததைப் பிள்ளைகள் உண்பதைப் பார்த்திருக்கிறான். இங்கு ‘நான்’ இல்லை. இரங்கற் பேச்சும் இல்லை. ஆங்கிலம் பெருநகர உயர்குழாத்தின் மொழியாயிருந்தமையும், மலையாள வாசகர் பரப்பு அதனினும் மிக விரிந்ததாயிருந்தமையும் இவ்வேறுபாட்டுக்கு ஓரளவு காரணமாகலாம். இன்னொன்றையும் மறத்தலாகாது. விக்டர் ஹியூகோவின் பெருநாவலை 1925இல் ‘பாவங்கள்’ என மலையாளத்திற்குத் தந்த நாலப்பாட்டு நாராயண மேனன் இவரது தாயின் மாமன். தாய் பாலாமணியம்மா தாய்மையைப் பாடிய பெருங்கவிஞர். ஏழைகளின் துன்பம் இலக்கியப் பொருளாகக் கற்கப்பட்ட அதே கூரையின் கீழ் நானிகளின் நிலை யாதாயிருந்தது என்று கேட்கும் துணிவு மூன்றாம் தலைமுறைக்கே வந்தது.

1972இல் ‘மலையாள நாடு’ வாரஇதழில் வெளிவந்த ‘என்றெ கத’யும், 1976இன் ஆங்கில வடிவமும் எழுப்பிய பரபரப்பைப் பற்றி இங்கு அதிகம் கூறவேண்டியதில்லை. அந்நூலின் உண்மை பொய் குறித்து அவரே காலத்துக்குக் காலம் முரண்பட விளக்கமளித்தார். கவிதையின் ‘நான்’ ஓர் ஆக்கம் என்பதற்கு அதுவே போதிய சான்று. 1984இல் நாடாளுமன்றத் தேர்தலிற் சுயேச்சையாக நின்று தோற்றதும், 1999இல் இஸ்லாத்தைத் தழுவிக் கமலா சுரையா ஆனதும் தனியே ஆராயத்தக்கவை.

இலங்கையராகிய நாம் தவிர்க்கவியலாதவை அவரது கொழும்புக் கவிதைகள். 1983 யூலை வன்செயல்களை ஒட்டிய காலத்தில் இந்நகரில் வாழ்ந்த அவர், ‘ஸ்மோக் இன் கொலம்போ’, ‘ஆஃப்டர் ஜூலை’ முதலியவற்றை எழுதினார். வேற்று நாட்டார் ஒருவர் அவ்வேளையிற் பேசினார் என்பதற்காக நாம் அவற்றை மதிக்கின்றோம். தன் உடல், தன் காதல் என்றிருந்த குரல் இங்கு பிறருடைய அச்சத்தைத் தன்னுடையதாக ஏற்கின்றது. ஆனால் ‘ஆஃப்டர் ஜூலை’ நிகழ்ந்தவற்றை விளக்க ஹிட்லரின் ஆவியை அழைக்கின்றது. ஆரிய இரத்தம் என்னும் கற்பிதத்தின் மீள்வருகையாகவே கொலையைக் காண்கின்றது. அக்கற்பிதத்தின் நச்சுத்தன்மையை அவர் சரியாக இனங்கண்டார். அதனைப் பேணி வளர்த்த நலன்கள் எவை, கடைகளும் வீடுகளும் எரிந்ததால் இலாபமடைந்தோர் யார் என்னும் வினாக்கள் கவிதைக்குள் வரவில்லை. நாலப்பாட்டு வீட்டின் ஒவ்வொரு கதவையும் அவர் அறிந்திருந்தார். கொழும்பை அவர் வீதியிலிருந்து மட்டுமே கண்டார். ‘நானி’யில் ஒரு மூக்குக்கண்ணாடியின் அசைவு செய்த வேலையை, இங்கு ஹிட்லர் என்னும் பெரும் பெயராலும் செய்யமுடியவில்லை.